கால் மைல் ஓட்டம்: ஹார்ஸ்பவர் அதிகம் உள்ளவன்தான் ராஜாவா?

கேள்வி, 10 மார்ச் 2024

டாட்ஜ் கம்பெனியின் டீமன் 170 கார் வந்து 1,025 ஹார்ஸ்பவர், கால் மைல் 8.91 நொடி என்று போட்டு உடைத்துவிட்டது. இன்னமும் ஃபோர்டு மஸ்டாங், செவ்ரலே கமேரோ என்று பேசுவதில் என்ன அர்த்தம்? நேர்கோட்டு ஓட்டத்தில் ஹார்ஸ்பவர் யாரிடம் அதிகமோ அவன் ஜெயிப்பான். அறுபது வருஷமாக இதுதான் கதை. இல்லை என்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

10 மார்ச் 2024, இரவு

ஆதாரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் மார்ட்டின் என்ற சின்ன ஊரில் யு.எஸ். 131 என்று ஒரு பந்தயத் தடம் உண்டு. போன கோடையில் அங்கே ஓடியதற்குக் கொடுத்த டைம் ஸ்லிப், அதாவது ஓட்ட நேரம் அச்சிட்ட சீட்டு, இரண்டு. ஒன்று என்னுடைய 2018 மஸ்டாங் ஜிடி, 460 ஹார்ஸ்பவர். மற்றது என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் டாட்ஜ் சேலஞ்சர் ஸ்காட் பேக், 485 ஹார்ஸ்பவர். ஒரே நாள், ஒரே தடம், ஒரே வெயில். நான் 12.4 நொடி, அவர் 12.8. ஹார்ஸ்பவர் 25 அதிகம் வைத்திருந்தவர் பின்னால் வந்தார்.

சேலஞ்சர் என் வண்டியைவிட 500 பவுண்டு கனம். அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

12 மார்ச் 2024

டைம் ஸ்லிப்பைப் பலர் கடைசி வரியில் மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் துண்டுச் சீட்டில் இருப்பது ஒரு முழு வாக்குமூலம். மேலிருந்து படியுங்கள்.

முதலில் ரியாக்‌ஷன் நேரம். பச்சை விளக்கு எரிந்தபின் நீங்கள் கிளம்ப எடுத்துக்கொண்டது. இது ஓட்டுநருடைய கணக்கு. வண்டியின் கால் மைல் நேரத்தில் இது சேராது. எதிராளியைவிட மெதுவான வண்டியை வைத்துக்கொண்டு விளக்கில் முந்திக் கிளம்பி ஜெயித்தவர்கள் ஏராளம்.

அடுத்து 60 அடி நேரம். என் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து முதல் 60 அடியைக் கடக்க எவ்வளவு நேரம்? இங்கே இன்ஜினுக்குப் பெரிய வேலை இல்லை. டயர், சஸ்பென்ஷன், ஓட்டுநரின் வலது கால், தடத்தின் ஒட்டும் தன்மை, இவைதான் தீர்மானிக்கும். அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு இது: இங்கே பத்தில் ஒரு நொடி இழந்தால் கடைசிக் கோட்டில் அது ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காக வளர்ந்து நிற்கும். என் 60 அடி 1.95, நண்பருடையது 2.15. பாதித் தோல்வி அங்கேயே முடிந்துவிட்டது.

பிறகு 330 அடி, எட்டில் ஒரு மைல், 1,000 அடி. கடைசியாக 1,320 அடி, அதாவது கால் மைல். நேரத்தோடு கோட்டைக் கடக்கும்போது இருந்த வேகமும் அச்சாகி வரும். இதை டிராப் ஸ்பீட் என்பார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கால் மைல் நேரம் எப்படிக் கிளம்பினாய் என்று சொல்கிறது. டிராப் ஸ்பீட் இன்ஜினில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. கம்பெனி விளம்பரத்தில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டிராப் ஸ்பீடு பொய் சொல்லாது.

17 மார்ச் 2024

"பழைய மசில் கார்களில் செவெல் 450 ஹார்ஸ்பவர், பியூக் வெறும் 360, இதில் போட்டி எங்கே வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (மசில் கார் என்றால் நடுத்தர உடலில் பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வண்டி.) நல்ல உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

1970 மாடல் வரும்வரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர உடல் கார்களில் 400 கியூபிக் இன்ச் கொள்ளளவுக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று தானே ஒரு வரம்பு வைத்திருந்தது. அந்த ஆண்டு அது விலக்கப்பட்டதும் வீட்டுக்குள்ளேயே சண்டை தொடங்கியது. செவ்ரலே 454 கியூபிக் இன்ச்சை செவெல்லில் போட்டது. பியூக், ஓல்ட்ஸ்மொபீல், பான்டியாக் மூன்றும் ஆளுக்கொரு 455-ஐ இறக்கின. நான்குமே ஒரே கம்பெனியின் பிள்ளைகள். ஆனால் பங்காளிப் பகையைவிடக் கடுமையான பகை எது?

செவெல்லின் எல்.எஸ்.6 என்ற 454 இன்ஜின்: 450 ஹார்ஸ்பவர், டார்க் (முறுக்கு விசை) 500. பியூக் ஜி.எஸ். ஸ்டேஜ் 1: 360 ஹார்ஸ்பவர், டார்க் 510. அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். பியூக் டார்க்கில் ஒரு படி மேல்.

அன்றைய இதழ்களின் சோதனை ஓட்டத்தில் செவெல் 13.12 நொடி, மணிக்கு 107 மைல். பியூக் 13.38 நொடி, 105.5 மைல். வெவ்வேறு இதழ், வெவ்வேறு நாள், வெவ்வேறு ஓட்டுநர் என்பதையும் மனதில் வையுங்கள். காகிதத்தில் 90 ஹார்ஸ்பவர் வித்தியாசம் உள்ள இரண்டு வண்டிகள் தடத்தில் கிட்டத்தட்ட கால் நொடி வித்தியாசத்தில் வந்து நிற்கின்றன.

18 மார்ச் 2024

நேற்று எழுதியதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கால் மைல் ஓட்டுபவர்களிடையே சூத்திரம் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டிராப் ஸ்பீடை 234-ஆல் வகுத்து, வந்ததை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதை ஓட்டுநரோடு சேர்ந்த பவுண்டு எடையால் பெருக்கினால் கிட்டத்தட்ட உண்மையான ஹார்ஸ்பவர் வரும்.

இரண்டு வண்டிக்கும் ஆளோடு சேர்த்து 4,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பியூக்குக்கு 367 வருகிறது. செவெல்லுக்கு 382. விளம்பரத்தில் 90 இருந்த இடைவெளி 15 ஆகச் சுருங்கிவிட்டது.

இதே கணக்கை என் மஸ்டாங்குக்குப் போட்டேன். 114 மைல், என்னோடு சேர்த்து 3,900 பவுண்டு. 451 வருகிறது. கம்பெனி சொல்வது 460. இன்றைய எண்களை ஓரளவு நம்பலாம், அன்றைய எண்களை நம்ப முடியாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

24 மார்ச் 2024

அப்படியானால் அன்று எண்கள் ஏன் அப்படி இருந்தன? இரண்டு திசையிலும் பொய் இருந்தது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஒரு பக்கம், அளந்த முறையே தாராளமானது. 1971 வரை பெரும்பாலும் கிராஸ் ஹார்ஸ்பவர்தான் அச்சிட்டார்கள். இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் போன்ற சுமை எதுவும் இல்லாமல், காரில் வரும் சைலன்சர் குழாயும் இல்லாமல் ஓட்டிப் பார்த்து எடுத்த எண். 1972 மாடலில்தான் காருக்குள் இருக்கும் நிலையில் அளக்கும் நெட் முறைக்கு எல்லோரும் மாறினார்கள். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்ணையும் கொடுத்தது. எல்.எஸ்.5 என்ற 454 இன்ஜின் கிராஸில் 365, நெட்டில் 285. அதே இன்ஜின், அதே ஆண்டு. 80 ஹார்ஸ்பவர் காகிதத்திலேயே ஆவியானது.

மறுபக்கம், வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன கதை. அறுபதுகளின் கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சக்தி மிகுந்த காருக்கு, அதுவும் இளைஞன் வாங்கினால், பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றின. அதோடு நேர்கோட்டுப் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமெரிக்கச் சங்கத்தின் பந்தயத்தில் எடையை விளம்பர ஹார்ஸ்பவரால் வகுத்து வகுப்புப் பிரித்தார்கள். எண்ணைக் குறைத்துச் சொன்னால் மெதுவான வண்டிகளோடு மோதலாம். ஜெயித்த செய்தி திங்கட்கிழமை ஷோரூமில் விற்பனையாகும்.

இதற்கு அழகான உதாரணம் ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாப் டாஸ்கா என்ற டீலர், மஸ்டாங் தெருவில் அடிவாங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் ஃபோர்டின் பெரிய இன்ஜின் உதிரிபாகங்களையே சேர்த்து ஒரு வண்டி கட்டிக் காட்டினார். அதிலிருந்து 1968 ஏப்ரலில் கோப்ரா ஜெட் கடைக்கு வந்தது. ஃபோர்டு போட்ட எண் 335. ஹாட் ராட் இதழ் ஓட்டியபோது 13.56 நொடி, 106 மைலுக்கு மேல். 335-ஐ வைத்துக்கொண்டு அந்த எடையில் அந்த வேகம் வராது. அந்த ஆண்டு பொமோனா வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை ஆல் ஜோனியெக் கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் வென்றார். பிறகு என்.எச்.ஆர்.ஏ. கம்பெனி எண்ணை ஒதுக்கிவிட்டுத் தானே எண் போட ஆரம்பித்தது.

ஆக, ஹார்ஸ்பவர் எண்ணை வைத்து ராஜா பட்டம் கொடுப்பது அன்றைக்கே செல்லாத வாதம்.

2 ஏப்ரல் 2024

கிறைஸ்லரின் ஹெமி இன்ஜினை நான் சொல்லவே இல்லை என்று அதன் ரசிகர்கள் கொதித்திருக்கிறீர்கள். எனக்கும் ஹெமி மேல் மரியாதை உண்டு. 1964 டேடோனா 500-இல் ரிச்சர்ட் பெட்டி அதை வைத்து வென்றார், முதல் மூன்று இடமும் ஹெமிக்கே. 1966-இல் தெருவுக்கு வந்த 426 ஹெமி, இரண்டு நாலு-பேரல் கார்புரேட்டரோடு 425 ஹார்ஸ்பவர் என்று அச்சிடப்பட்டது. அந்த 425-ஐ 5,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) சொன்னார்கள். ஹெமி அதற்கு மேலேயும் மூச்சுவிடாமல் இழுக்கும் இன்ஜின். எண் குறைவாகத்தான் சொல்லப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தெருவில் நிலைமை வேறு. ஹெமி இரும்பு மலை. முன்சக்கரத்தின் மேல் அவ்வளவு கனமும் உட்கார்ந்திருக்கும். பின்சக்கரத்துக்கு எடை மாற மறுக்கும். 1969 வரை சாலிட் லிஃப்டர், அதாவது வால்வு இடைவெளியை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் ஒத்து வேலை செய்ய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் உறுமுமே தவிர ஓடாது. அதே கிறைஸ்லரின் 440 சிக்ஸ் பேக் 390 ஹார்ஸ்பவர்தான். விலையும் குறைவு, கீழ் ஆர்.பி.எம்.மில் தள்ளும் பலம் அதிகம். ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை என்றால், ட்யூன் சரியில்லாத ஹெமியை 440 பலமுறை தின்றிருக்கிறது. என் கையில் சாவி கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 440 தான்.

3 ஏப்ரல் 2024

டயரைச் சொல்லாமல் விட்டால் நேற்றையது முழுமையாகாது. அன்று ஹெமிக்கும் செவெல்லுக்கும் கிடைத்த டயர் பாலிகிளாஸ் மாதிரியான, ரேடியலுக்கு முந்தைய பழைய ரகம். இன்றைய சாதாரண குடும்பக் கார் டயருக்கு இருக்கும் பிடிமானம் அதற்கு இல்லை. மிதித்தால் புகைதான் வரும். அதனால்தான் அந்தக் காலத்து ஓட்டுநரின் கால் அவ்வளவு முக்கியம்.

இன்னொன்று. ஒரே துண்டுப் பின் அச்சு உள்ள காரில் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும்போது வலது பின்சக்கரம் லேசாகும், இடது அழுந்தும். வலது டயர் மட்டும் சுழன்று கோடு போடுவது அதனால்தான். கிறைஸ்லர் பொறியாளர்கள் இதற்கு ஹெமி கார்களில் வலப்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் பட்டையைக் கூட்டி வைத்தார்கள். ஃபோர்டு, நாலு கியர் கோப்ரா ஜெட்டில் ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் பொருத்தியது, சக்கரம் துள்ளாமல் இருக்க. இந்த வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்தால்தான் இந்தப் போட்டியின் உண்மையான மூளை எங்கே வேலை செய்தது என்று தெரியும். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது.

14 ஏப்ரல் 2024

"பத்திரிகைச் சோதனையையே ஏன் நம்புகிறீர்கள்" என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் நம்பக் கூடாது என்பதற்கு ஆதிக் கதையே இருக்கிறது.

1964. ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தரக் காரில் அப்போது 330 கியூபிக் இன்ச்தான் வரம்பு. பான்டியாக்கில் இருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 இன்ஜினை ஒரு கூடுதல் ஆப்ஷனாகக் காட்டி விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜி.டி.ஓ. பிறந்தது. முதல் ஆண்டிலேயே 32,000-க்கு மேல் விற்றது. அந்த மார்ச்சில் கார் அண்ட் டிரைவர் இதழ் பான்டியாக் ஜி.டி.ஓ.வையும் ஃபெராரி ஜி.டி.ஓ.வையும் அட்டையில் மோதவிட்டது. பான்டியாக் கால் மைலை 13.1 நொடியில், 115 மைல் வேகத்தில் ஓடியதாக அச்சிட்டார்கள்.

அந்த 115-ஐ நம் சூத்திரத்தில் போடுங்கள். ஆளோடு 3,600 பவுண்டு என்றால் 427 ஹார்ஸ்பவர் வருகிறது. அந்தக் காரின் கிராஸ் எண்ணே 348. நெட்டில் இன்னும் குறைவு. எங்கேயோ இடிக்கிறது இல்லையா? இடித்தது. பான்டியாக்கின் விளம்பர மூளையாக இருந்த ஜிம் வாங்கர்ஸ், உள்ளே இருந்தது 389 இல்லை, 421 என்று பல வருஷம் கழித்துத் தானே சொன்னார். வண்டியைத் தயார் செய்தது டெட்ராய்ட் அருகே ராயல் ஓக்கில் இருந்த ராயல் பான்டியாக் ஷோரூம்.

அதே ராயல் பான்டியாக் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய நேர்மையான வேலையும் செய்தது. பாப்கேட் என்று பெயர். மெல்லிய ஹெட் கேஸ்கெட் போட்டு கம்ப்ரெஷனை ஏற்றுவார்கள். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸைத் திருத்துவார்கள். ராக்கர் ஆர்மில் லாக் நட் போட்டு, அதிக ஆர்.பி.எம்.மில் லிஃப்டர் ஊதி வால்வு மூடாமல் போவதைத் தடுப்பார்கள். இதில் ஒன்றுகூடப் பெரிய பாகம் இல்லை. எல்லாம் கைவேலை. டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவில் ராத்திரி சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் ஜி.டி.ஓ. ராயலிலிருந்து வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பந்தயத்துக்குத் தலையாட்டுவார்களாம்.

20 ஏப்ரல் 2024

எழுபதுகளின் பிற்பாதியைப் பற்றிக் கேட்டவருக்கு: சொல்ல அதிகம் இல்லை. புகைக் கட்டுப்பாடு, ஈயம் இல்லாத பெட்ரோலுக்காகக் குறைத்த கம்ப்ரெஷன், இன்சூரன்ஸ், 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. 1974 மஸ்டாங் II-இல் வி8 இன்ஜினே கிடையாது. 1975 செவ்ரலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்படை இன்ஜின் 165 ஹார்ஸ்பவர். 1977 கடைசியில் கார் அண்ட் டிரைவர் சோதித்தபோது 100 மைல் வேகத்தை முதலில் தொட்ட அமெரிக்க வண்டி ஒரு டாட்ஜ் பிக்கப் லாரி, லில் ரெட் எக்ஸ்பிரஸ். அந்த எடை வகுப்பு லாரிக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் இல்லை, அதுதான் ரகசியம்.

5 மே 2024

நேற்று சீசன் தொடங்கி மார்ட்டினுக்குப் போய் வந்தேன். புதிதாக வருபவர்கள் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்ததால் கிட்டத்தில் நின்று எழுதுகிறேன்.

வரிசையில் உங்கள் முறை வரும்போது முதலில் வருவது தண்ணீர் தெளித்த பகுதி. பந்தய டயர் போட்டவர்கள் அதில் நனைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். டயர் சூடானால் ஒட்டும். அடுத்து ஸ்டேஜிங். தரையோரம் இரண்டு ஒளிக்கற்றை. முன்சக்கரம் முதலாவதை மறைத்தால் ஒரு சின்ன விளக்கு எரியும், இரண்டாவதை மறைத்தால் இன்னொன்று. இந்த இடத்தில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். பக்கத்துத் தடத்தில் இருப்பவரும் நகர்ந்து நின்றதும் மஞ்சள் விளக்குகள் இறங்க ஆரம்பிக்கும். பச்சைக்காகக் காத்திருந்தால் தாமதம். கடைசி மஞ்சளிலேயே கால் இறங்க வேண்டும்.

கோட்டில் கால் வைத்து நடந்து பாருங்கள். செருப்பு பிய்ந்துகொண்டு வரும். அவ்வளவு பசை. அதுவும் பழைய ரப்பரும் சேர்ந்து தரையே வேறு மாதிரி இருக்கும்.

நேற்று சில்லென்ற காற்று. காற்றில் அடர்த்தி அதிகம், இன்ஜின் நன்றாக இழுத்தது. டிராப் ஸ்பீடு போன ஆகஸ்டைவிட ஒரு மைல் கூட. ஆனால் தடம் குளிர்ந்து கிடந்ததால் டயர் வழுக்கி 60 அடி 2.1 ஆனது. கால் மைல் நேரம் 12.5. அதாவது இன்ஜின் பலமாக இருந்த நாளில் வண்டி மெதுவாக ஓடியது. சேலஞ்சர் நண்பர் புதிதாக டிராக் ரேடியல் என்ற நன்றாக ஒட்டும் பந்தய டயர் போட்டு வந்திருந்தார். அவர் 60 அடி 1.85. நேரம் 12.3. என்னை ஜெயித்துவிட்டார். அவர் இன்ஜினில் ஒரு திருகுகூட மாற்றவில்லை.

இந்த வாதத்தில் என் பக்கம் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

19 மே 2024

தொண்ணூறுகளை மறந்துவிட்டீர்கள் என்று கமேரோ அன்பர் கோபித்துக்கொண்டார். நேர்கோட்டு ஓட்டத்தில் அது கமேரோவின் பத்தாண்டு, சந்தேகமே இல்லை. 1993-இல் 275 ஹார்ஸ்பவரோடு எல்.டி.1 இன்ஜின். 1998-இல் எல்.எஸ்.1 இன்ஜின், 305 என்று எழுதினார்கள். அதே இன்ஜின் கார்வெட்டில் 345. டைனோ என்ற சக்தி அளக்கும் கருவியில் ஏற்றினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. கார்வெட் முதலாளியின் மனம் நோகக் கூடாது என்று குறைத்துச் சொன்ன எண் அது என்பது என் திடமான எண்ணம். அந்த வருஷ மஸ்டாங் ஜிடி 225. பாவம், பக்கத்திலேயே நிற்க முடியாது.

ஃபோர்டு 1999 மஸ்டாங் கோப்ராவை 320 என்று விற்றது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் அவ்வளவு வரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, வண்டிகளைத் திரும்ப அழைத்து இன்டேக் மேனிஃபோல்டையும் சைலன்சரையும் சரிசெய்தது. அறுபதுகளில் யாரும் கேள்வி கேட்காத எண்ணை இப்போது வாங்குபவன் தானே அளந்து கேட்டான். எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். நான்கு வருஷத்தில் ஃபோர்டு பதில் சொன்னது: 2003 கோப்ரா, சூப்பர்சார்ஜர், 390 ஹார்ஸ்பவர், வார்ப்பிரும்பு பிளாக். போட்ட எண்ணுக்கு மேலேயே வேலை செய்தது.

ஆனால் தடத்தில் தோற்ற மஸ்டாங் கடையில் பல மடங்கு விற்றது. ஜெயித்த கமேரோ 2002-இல் நின்றுபோனது. நீளமான கதவு, தாழ்வான இருக்கை, பக்கத்து இருக்கையின் காலடியில் ஒரு மேடு. தினமும் வேலைக்குப் போக மஸ்டாங்தான் வசதி.

9 ஜூன் 2024

முதல் கேள்விக்கே திரும்பி வருகிறேன். டீமனை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலர் நினைக்கிறீர்கள். நேர்மாறாக, ஃபேக்டரியிலிருந்து வந்த வண்டிகளில் என் கட்சியை முழுசாகப் புரிந்துகொண்ட வண்டி அதுதான்.

2015 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 707 ஹார்ஸ்பவரோடு வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் தெரு டயரில் அதை மிதித்தால் பாதி ஹார்ஸ்பவர் புகையாகப் போகும். 2018 டீமனில் டாட்ஜ் பொறியாளர்கள் 840 என்ற எண்ணோடு நிற்கவில்லை. 315 அகல நிட்டோ டிராக் ரேடியல் டயர் தொழிற்சாலையிலேயே. கிளம்பும்போது முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் அமரும்படி ஷாக் அப்சார்பர். கியர்பாக்ஸைப் பூட்டி வைத்து விடுவிக்கும் டிரான்ஸ்பிரேக். ஏ.சி.யின் குளிர்ச்சியை இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கத் திருப்பிவிடும் ஏற்பாடு. உடையாமல் இருக்க 41 பல் கொண்ட அச்சுத் தண்டு. பக்கத்து இருக்கையையே கழற்றிவிட்டார்கள். வேண்டும் என்றால் ஒரு டாலர். முன்சக்கரம் 2.92 அடி தூரம் காற்றில் போனது. 9.65 நொடி, 140 மைல். பத்து நொடிக்குள் ஓடும் வண்டிக்குப் பாதுகாப்புக் கூண்டு வேண்டும் என்பது அன்றைய விதி, அதனால் தன் பந்தயத்தில் அப்படியே இறங்க முடியாது என்றது என்.எச்.ஆர்.ஏ.

ஹெல்கேட்டிலிருந்து டீமனுக்குக் கூடியது 133 ஹார்ஸ்பவர். ஆனால் கால் மைலில் ஒரு நொடிக்கு மேல் குறைந்தது. அந்த ஒரு நொடியில் பெரும்பங்கு முதல் 60 அடியில் சம்பாதித்தது. டீமன் 170-இன் 8.91 நொடியும் 151 மைலும் அதே பாடத்தின் அடுத்த அத்தியாயம். 1,025 ஹார்ஸ்பவரும் எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளில், பசை போட்ட தடத்தில். அதே வண்டியைத் தூசி படிந்த ஒரு சிக்னலில் நிறுத்துங்கள். நல்ல டயர் போட்ட மஸ்டாங் முதல் 60 அடியில் அதற்கு முன்னால் நிற்கும் என்று எழுதித் தருகிறேன்.

11 ஜூன் 2024

ஒரு துணுக்கு. 2017 கமேரோ இசட்.எல்.1-இல் வரும் பத்து கியர் ஆட்டோமேடிக்கும் என் மஸ்டாங்கில் இருக்கும் பத்து கியரும் ஒரே வேர். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. ரசிகர்கள் இங்கே சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, கம்பெனிகள் கியர்பாக்ஸைப் பகிர்ந்துகொண்டன. கியர் மாறும்போது இழக்கும் நேரம் இதனால் சுத்தமாகக் குறைந்தது, இரண்டு பக்கமும் லாபம்.

18 ஆகஸ்ட் 2024

நேற்று உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம். 1995 முதல் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை நடக்கிறது. ராயல் ஓக் பக்கம் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். ஹெமி போனபோது தலையைத் திருப்பவில்லை. கறுப்பு நிறத்தில் ஒரு பியூக் ஜி.என்.எக்ஸ். போனதும் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த வண்டியை இத்தனை நாளாக இங்கே யாரும் சொல்லவில்லை. 1987, மொத்தம் 547 கார்கள். வி8 இல்லை, 3.8 லிட்டர் வி6, டர்போ. போட்ட எண் 276. அந்த ஆண்டு கார்வெட் 240. 60 மைல் வேகத்தை ஐந்து நொடிக்குள் தொட்டது. வி8 சத்தம் இல்லாமல் மசில் கார் இல்லை என்பவர்களுக்கு, பெட்டி மாதிரி இருந்த ஒரு பியூக் அன்றே பதில் சொல்லிவிட்டது. பின் அச்சைக் கீழே பிடித்துவைக்க டார்க் ஆர்மும் பேன்ஹார்ட் தண்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். மறுபடியும் டயர் பிடிமானம்தான் கதை.

7 செப்டம்பர் 2024

எலக்ட்ரிக் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். டெஸ்லா மாடல் எஸ் பிளேய்டு 9.23 நொடி என்று கம்பெனி சொல்கிறது. நான்கு கதவு, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க. நேரத்தை மட்டும் பார்த்தால் அதை மறுக்க வழியில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிறது, மோட்டாரை ஒவ்வொரு நொடியும் கணினி கட்டுப்படுத்துகிறது. 60 அடிப் பிரச்சினையை அது தீர்த்துவிட்டது. டாட்ஜின் புதிய எலக்ட்ரிக் கார், சார்ஜர் டேடோனாவின் உச்ச ரகம், 670 ஹார்ஸ்பவர், எடை 5,800 பவுண்டுக்கு மேல், டாட்ஜ் சொல்லும் கால் மைல் சுமார் 11.5 நொடி. முன்னூறு ஹார்ஸ்பவர் என்ன, ஐந்நூறு ஹார்ஸ்பவர் பெட்ரோல் கார்களும் அதைப் பிடிக்கச் சிரமப்படும்.

எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. என் மஸ்டாங்கில் 60 அடியைப் பத்தில் ஒரு நொடி குறைக்க டயர் காற்று, கிளம்பும் ஆர்.பி.எம்., கால் இறங்கும் வேகம் என்று ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டேன். பிளேய்டில் அந்த உழைப்புக்கு இடமே இல்லை. முதல் முறை ஓடுபவரும் பத்தாவது முறை ஓடுபவரும் ஒரே நேரத்தில் வருவார்கள். வேகத்தை மதிக்கிறேன். போட்டி என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

22 செப்டம்பர் 2024

பழைய வண்டி வாங்கி நேர்கோட்டில் ஓட்ட ஆசைப்படும் தம்பிக்கு. நீங்கள் பட்டியல் போட்டதில் 2018-க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடி பத்து கியரோடு கிடைத்தால் அதை எடுங்கள். 2016-க்குப் பிந்தைய கமேரோ எஸ்.எஸ். 455 ஹார்ஸ்பவர், கிட்டத்தட்ட அதே எடை, ஓட்ட இன்னும் கூர்மை. ஆனால் பின்னால் பார்ப்பது சிரமம். ஸ்காட் பேக் குடும்பத்தோடு போக வர நல்லது, பெரிய டிக்கி.

எதை வாங்கினாலும் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ட்யூன் என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் செலவு பின்னால் இரண்டு டிராக் ரேடியல் டயரும் அதற்கென்று தனி ரிம்மும். தெரு டயரோடு போகும் நாளில் தண்ணீர்ப் பகுதிக்குள் இறங்காமல் சுற்றிப் போங்கள், டயர் பள்ளத்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு கோடு வரை வரும். பின்னால் நிற்பவரும் திட்டுவார். டிராக் ரேடியலில் காற்றழுத்தம் 20 பி.எஸ்.ஐ. பக்கம் ஆரம்பித்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஸ்லிப்பைத் தூக்கிப் போடாமல் பின்பக்கம் காற்றழுத்தம், வெப்பநிலை, கிளம்பிய ஆர்.பி.எம். எழுதி வையுங்கள். ஹெல்மெட் கையோடு கொண்டுபோங்கள். ஸ்லிப் கிடைத்ததும் 60 அடி வரியை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.